கிணத்துத் தண்ணிய பாக்டீரியா வச்சே சுத்தம் பண்ணிக் குடிக்கது எப்படி: புதுசா தொடங்குதவங்களுக்கு

எங்க ஊரு நாங்குநேரி தாலுகாவுல ஒரு சின்ன கிராமம், வீட்டுக் கிணறு 40 அடி ஆழம், தாத்தா காலத்துல இருந்தே அந்தத் தண்ணியத்தான் குடிச்சிட்டு வந்தோம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசி மழை முடிஞ்ச கையோட மகளுக்கு வயித்தால போக ஆரம்பிச்சு மூணு நாளு ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதாப் போச்சு, அப்பதான் டாக்டரம்மா "வீட்டுல என்ன தண்ணிம்மா குடிக்கீங்க"ன்னு என் வீட்டுக்காரிகிட்ட கேட்டாங்க. தண்ணிய டெஸ்டுக்குக் கொடுத்தா ஈ.கோலை இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அதாவது எங்கேயோ மனுச மலமோ மாட்டு சாணியோ கிணத்துல கலக்குது. பொறவு பிளாஸ்டிக் டிரம்முல மணல் ஃபில்டர் ஒண்ணு கட்டி, மொத தடவை கெட்டுப்போயி, ரெண்டாவது தடவை சரியா வர எனக்கு எட்டு மாசம் ஆச்சு. விவரம் தெரிஞ்சு செஞ்சா ரெண்டு மாசத்துல முடியுத வேலை இது, அதனாலதான் உக்காந்து எழுதுதேன்.

ஃபில்டர் வேலை செய்யுத விதம் இதுதான். டிரம்முல நிரப்புன மணலுக்கு மேல கிணத்துத் தண்ணிய ஊத்துவோம், அது மணல் வழியா எறங்கி அடியில உள்ள பைப் வழியா வெளிய வரும். மணலுக்கு மேல, பாலுக்கு ஆடை படியுத மாதிரி மெல்லிசா வழவழன்னு ஒரு படலம் வளரும். அதுல பாக்டீரியாவும் வேற நுண்ணுயிருங்களும் குடியிருக்கும், தண்ணியில வாற நோய்க்கிருமிய அதுங்க தின்னுரும், தப்பிச்சுக் கீழ போறது மணல்ல ஒட்டிக்கிடும், இல்லன்னா ஆழத்துல தீனியும் காத்தும் இல்லாம செத்துரும். எங்க அம்மை இதுக்கு "ஆடை"ன்னே பேரு வச்சிட்டா, நானும் அப்படியே சொல்லுதேன். நீங்க செய்யுத எல்லா வேலையும் அந்த ஆடைய வளத்து, சாவடிக்காம வச்சிக்கிடுததுக்குத்தான்.

1. மொதல்ல டெஸ்ட், பொறவுதான் டிரம்மு

இதத் தாண்டிக் குதிச்சுராதீங்க. ஏன்னா இந்த ஆடை நோய்க்கிருமியப் பிடிக்கும், கலங்கலப் பிடிக்கும், இரும்பையும் பெரும்பாலும் பிடிச்சுரும், ஆனா உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் இதுல ஒண்ணையும் எடுக்காது. ராதாபுரம், திசையன்விளை பக்கம் கடலோரத்துல உப்புத் தண்ணி உள்ளவங்க இத கட்டிட்டு "தண்ணி இன்னும் கரிக்குதே"ன்னு நின்னா பிரயோஜனம் இல்ல, உங்களுக்கு வேற வழிதான் பாக்கணும்.

டெஸ்டுக்கு திருநெல்வேலியில தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகம் இருக்கு, பொதுமக்களும் கட்டணம் கட்டி தண்ணி கொடுக்கலாம். ரெண்டு டெஸ்ட் கேளுங்க: ஒண்ணு ரசாயன டெஸ்ட், இன்னொண்ணு பாக்டீரியா டெஸ்ட். நிறைய பேரு ரசாயன டெஸ்ட மட்டும் கொடுத்துட்டு "தண்ணி நல்லாருக்குன்னு வந்துட்டு"ன்னு திரும்பிருதாங்க, பாக்டீரியா டெஸ்ட கேட்டு வாங்கணும். எனக்கு ரெண்டும் சேத்து ஆயிரம் ரூவாய்க்குள்ள முடிஞ்சுது, கட்டணம் மாறிக்கிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கிடுங்க.

கொண்டு போக வேண்டியது: போன் நம்பர், அப்புறம் பாட்டில்ல ஒட்ட ஒரு சீட்டு. சீட்டுல ஊரு, தாலுகா, கிணறா போரா, எத்தன அடி, எடுத்த தேதி, எடுத்த நேரம், எடுத்தவங்க பேரு எல்லாம் எழுதணும். நேரம் எழுதாம விட்டீங்கன்னா பாக்டீரியா டெஸ்டுக்கு அது செல்லாது.

நான் மொத தடவை சறுக்குனது இங்கதான். வீட்டுல கெடந்த கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல காலையில தண்ணி பிடிச்சு, பஸ்ஸுல வெயில்லயே கொண்டு போயி, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு ஆய்வகத்துல நீட்டுனேன், பாக்டீரியா டெஸ்டுக்கு இத எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான். ரசாயன டெஸ்டுக்கு சுத்தமான 2 லிட்டர் கேன் போதும், அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டுப் பிடிக்கணும். பாக்டீரியா டெஸ்டுக்கு ஆய்வகத்துலயே கிருமி நீக்குன பாட்டில் முன்னாடியே வாங்கிட்டு வந்துரணும், அத அலசவே கூடாது, மூடிக்கு உள்பக்கம் விரல் படக் கூடாது, மோட்டார அஞ்சு பத்து நிமிசம் ஓட விட்டுப் பிடிச்சு, ஐஸ் போட்ட டப்பாவுக்குள்ள வச்சு 6 மணி நேரத்துக்குள்ள கொண்டு சேத்துரணும். பாக்டீரியாவ வளத்துப் பாக்கவே ஒண்ணு ரெண்டு நாளு வேணும், அதனால வாரக் கடைசியில போகாதீங்க, திங்களோ செவ்வாயோ காலையிலயே போயிருங்க. போக வர ரெண்டு பயணம், ரிப்போர்ட் கைக்கு வர ஒரு வாரம் பத்து நாளுன்னு வச்சிக்கிடுங்க.

திருநெல்வேலி வரைக்கும் போக முடியாதவங்க பஞ்சாயத்துல கேளுங்க. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்கு தண்ணி டெஸ்ட் பண்ண பயிற்சி கொடுத்து கிட் கொடுக்காங்க, அந்த கிட்டுல ஹெச்டூஎஸ் குப்பின்னு ஒண்ணு இருக்கும், அதுல தண்ணி ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா கறுப்பா மாறிச்சுன்னா தண்ணி கெட்டிருக்குன்னு அர்த்தம். ஆய்வகத்துக்கு இது ஈடாகாது, ஆனா முதல் பார்வைக்கு ரொம்ப நல்லது.

2. ரிப்போர்ட்ட எப்படி வாசிக்கணும்

இந்தியத் தரம் ஐஎஸ் 10500, அதுப்படி பாருங்க. ஈ.கோலை 100 மில்லியில ஒண்ணு கூட இருக்கக் கூடாது. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. ஃப்ளோரைடு 1, வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும். மொத்த உப்பு அதாவது டிடிஎஸ் 500, வேற தண்ணி இல்லாத எடத்துல 2000 வரைக்கும். எல்லாம் ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

ஈ.கோலை மட்டும் இருந்து மத்ததெல்லாம் அளவுக்குள்ள இருந்தா இந்த ஃபில்டர் உங்களுக்குத்தான். கூட கொஞ்சம் இரும்பு இருந்தாலும் பரவால்ல.

நைட்ரேட் கூட இருந்தா தயவுசெஞ்சு இங்கயே நின்னுருங்க. இந்த ஃபில்டர் நைட்ரேட்ட குறைக்காது, தண்ணியில அம்மோனியா இருந்துச்சுன்னா மணல்ல உள்ள பாக்டீரியா அதையும் நைட்ரேட்டா மாத்தி அளவக் கூட்டிரும். கொதிக்க வச்சாலும் தண்ணி சுண்டுத அளவுக்கு நைட்ரேட் செறிவு ஏறத்தான் செய்யும். ஆறு மாசத்துக்குள்ள உள்ள பச்சப் புள்ளைக்கு அந்தத் தண்ணியில பால் பவுடர் கலந்து கொடுத்தா ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம உடம்பு நீலம் பாரிச்சிரும், உயிருக்கே ஆபத்து.

நைட்ரேட்ட தின்னுத பாக்டீரியாவும் இருக்கு, பொய் இல்ல. காத்தே இல்லாத தொட்டியில எத்தனாலோ அசிட்டிக் அமிலமோ தீனியா ஊத்தி வளத்தா, நைட்ரேட்டுல உள்ள ஆக்சிஜன அதுங்க எடுத்துக்கிட்டு நைட்ரஜன் வாயுவா வெளிய விட்டுரும். ஆனா தீனி குறைஞ்சா பாதியில நைட்ரைட்டா நின்னுரும், அது நைட்ரேட்ட விட மோசம். தீனி கூடுனா மிச்சம் தண்ணியிலயே தங்கும். தினமும் அளந்து பாத்து, திரும்ப காத்து ஏத்தி, வடிகட்டி, குளோரின் போட ஆளும் கருவியும் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையத்துல செய்யுத வேலை அது. வீட்டுல வாளியும் டிரம்மும் வச்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க. ரிப்போர்ட் நகல எடுத்துட்டு பஞ்சாயத்துக்குப் போயி கூட்டுக்குடிநீர் இணைப்பு கேளுங்க, அதுதான் வழி.

3. கிணத்தப் பாருங்க

ஃபில்டர் கட்டுதேன்னு சொல்லிட்டு கிணத்துக்குள்ள அழுக்கு போறத அப்படியே விட்டா என்ன அர்த்தம்? எங்க வீட்டுல செப்டிக் டேங்க் கிணத்துல இருந்து 20 அடிதான், அதுவும் அடியில காங்கிரீட் போடாதது, குறைஞ்சது 50 அடி தள்ளி இருந்திருக்கணும். இன்னொரு பக்கம் தொழுவம், மழை பேஞ்சா மூத்திரமும் சாணித் தண்ணியும் கிணத்து மேட்டுக்கே வரும். செப்டிக் டேங்க்க மாத்த எங்களுக்கு ஒரு வருசம் ஆச்சு, ஆனா தொழுவத்துத் தண்ணிய ஒரு வாறுகால் வெட்டி அந்தப் பக்கம் திருப்பி விட ஒரே நாள்தான். கிணத்துக்கு சுவரும் சுத்தி சிமெண்ட் தளமும் மேல வலை மூடியும் போடுங்க. இதெல்லாம் செஞ்சாலே தண்ணியில பாதி மாற்றம் தெரியும்.

4. சாமான் வாங்குதது

வீட்டுக்குள்ள வைக்கதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். நான் செஞ்சது 200 லிட்டர் டிரம்முல, எங்க வீடு, அண்ணன் வீடு, பக்கத்துல சித்தி வீடு மூணுக்கும் குடிக்க, சமைக்க போதும்.

டிரம் வாங்கும்போது அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டே ஆகணும். பூச்சி மருந்து, ஆசிட், பெயிண்ட் வந்த டிரம் எத்தன தடவை கழுவினாலும் வேண்டாம். சாப்பாட்டு எண்ணெயோ பழக்கூழோ வந்த நீல டிரம் கிடைக்கும், எனக்கு 1,300 ரூவா ஆச்சு.

மணலுக்கு ஆத்துல கை வைக்காதீங்க. தாமிரபரணி மணல அள்ளுதது தப்புங்கது ஒரு பக்கம், ஆத்து மணல்ல மக்குன அழுக்கும் கிருமியும் ஏற்கனவே இருக்கும். கடற்கரை மணல்ல உப்பும் சிப்பியும், தேரி மணல்ல செம்மண் தூசி, ரெண்டும் ஆகாது. கிரஷர்ல பாறைய உடைச்சு வாற எம் சாண்டுதான் இதுக்கு நல்லது. 12 மூட்டை வாங்குனேன், சலிச்சு முடிச்சதுல நாலு மூட்டை சொச்சம்தான் தேறிச்சு, அதுதான் வேண்டிய அளவு. மிச்சத்த கட்டட வேலைக்கு வச்சிக்கிடலாம். மணல் 850, ஜல்லி 150, பிவிசி பைப்பும் எல்போவும் டேங்க் கனெக்டரும் 450, சல்லடை வலை 350, பிளம்பர் கூலி 900, அடியில வைக்க செங்கலும் சிமெண்டும் 500. டிரம்மோட சேத்து 4,500 ரூவா. ரெண்டாம் தடவை மணல் மாத்துனதால எனக்கு இன்னும் ஆயிரம் கூடப் போச்சு, உங்களுக்கு அது மிச்சம்.

5. சலிக்கதும் அலசுததும்

எல்லாத்துலயும் நோவுத வேலை இதுதான், ரெண்டு பேரு ரெண்டு நாளு. வலைக்கடையில 24 நம்பர் மெஷ் கேட்டு வாங்குங்க, ஓட்டை கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர் இருக்கும். மணல் காய்ஞ்சிருந்தாத்தான் விழும், அதனால தார்ப்பாய்ல விரிச்சு காய வச்சிருங்க. வலையில விழுந்தது ஃபில்டர் மணல். வலை மேல நிக்குதத 6 மில்லிமீட்டர் சல்லடையில திரும்ப சலிச்சா கீழ விழுதது நடு அடுக்குக்கு, தனியா வாங்க வேண்டாம். அடி அடுக்குக்கு 6ல இருந்து 12 மில்லிமீட்டர் ஜல்லி.

ஜல்லிய தண்ணி தெளியுத வரைக்கும் அலசணும். மணல அப்படி அலசக் கூடாது. இத யாரும் எனக்குச் சொல்லல, நான் பளபளன்னு வாற வரைக்கும் பத்து தடவை அலசுனேன், பொடி எல்லாம் போயிட்டு, தண்ணி சல்லடையில ஓடுத மாதிரி ஓடிச்சு. ஒரு கண்ணாடிக் குப்பியில பாதி மணலும் பாதி தண்ணியும் போட்டு சுத்தி ஆட்டி மேசையில வைங்க, மூணு நாலு வினாடியில தண்ணி வழியா மணலோட மேல்தளம் தெரியணும், ஆனா தண்ணி கொஞ்சம் மங்கலாவே இருக்கணும். அந்த நிலையில நிப்பாட்டிருங்க. எத்தன தடவை அலசுனீங்கன்னு எண்ணி ஒரு தாள்ல எழுதி வைங்க, எங்களுக்கு ரெண்டாவது தடவை அஞ்சு அலசல்ல சரியா வந்துச்சு.

6. டிரம்ம நிரப்புதது

எங்க வைக்கணுமோ அங்க வச்சிட்டு நிரப்புங்க. நிரப்புன பொறவு 350 கிலோ வரும், நாலு பேரு சேந்தாலும் நகட்டக் கூடாது, நகட்டுனா உள்ள மணல் பிளந்துரும். நெழலு வேணும், தரை மட்டமா இருக்கணும்.

அடியில இருந்து ரெண்டு இஞ்ச் மேல ஓட்டை போட்டு டேங்க் கனெக்டர் வழியா முக்கா இஞ்ச் பைப் வெளிய வரும். உள்பக்கம் பைப்புல ரம்பத்தால சின்னச் சின்னதா வெட்டு போட்டு முனைய அடைச்சிருங்க. வெளிப்பக்கம் பைப் நேரா மேல ஏறி, மணலோட மேல்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மேல வளைஞ்சு தண்ணி கொட்டணும். அந்த 5 சென்டிமீட்டர்தான் மொத்த விஷயமும். தண்ணி ஊத்தாம நிக்கும்போது மணல் மேல அந்த அளவுக்குத் தண்ணி தங்கும். அதுக்கு மேல கூடுனா காத்து உள்ள எறங்காம ஆடை மூச்சு முட்டிச் செத்துரும், குறைஞ்சா நம்ம ஊரு வெயிலுக்கு வத்திக் காய்ஞ்சிரும்.

அந்தப் பைப்புல குழாய் திருகு போடாதீங்க. பிளம்பர் அண்ணாச்சி "குழா இல்லாம எப்படி"ன்னு கண்டிப்பா கேப்பாரு, போட்டே தீருவேன்னும் நிப்பாரு. அடைச்சு வச்சா மணல் மேல தண்ணி ஏறி நின்னு ஆடை கெடும். ட்யூப் மாட்டி கீழ தொங்க விட்டாலும் மொத்தத் தண்ணியும் உறிஞ்சி எறங்கி மணல் காஞ்சிரும். தண்ணி தானா கொட்டி தானா நிக்கணும்.

நிரப்பும்போது ஒரு விதி: டிரம்முல முதல்ல தண்ணி, பொறவு மணல். காஞ்ச டிரம்முல மணலக் கொட்டுனா உள்ள காத்துக் குமிழ் மாட்டிக்கிட்டு தண்ணி அந்த வழியாவே ஓடிரும். பைப்ப மூடுத அளவுக்கு ஜல்லி, அது மேல ரெண்டு இஞ்ச் நடு அடுக்கு, அது மேல 50 சென்டிமீட்டர் மணல். எப்பவும் மணலுக்கு மேல தண்ணி நிக்க மாதிரி பாத்துக்கிட்டே பைய போடுங்க.

மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் தாம்பாளத்துல ஒரு இஞ்சுக்கு ஒண்ணா 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, தண்ணியத் தொடாம டிரம் விளிம்புல உக்கார வைங்க. ஊத்துத தண்ணி அதுல விழுந்து மழையா எறங்கும், மணல்ல பள்ளம் விழாது. கடைசியா இறுக்கமான மூடி, இல்லன்னா கொசு முட்டை போட்டு டெங்குதான் வரும்.

இப்ப நிறைய ஊத்தி, பைப்புல ஒரு லிட்டர் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல பாருங்க. 40 வினாடிக்குக் குறையவே கூடாது, ஒரு நிமிசம் ஆனா ரொம்ப நல்லது. வேகமா ஓடிச்சுன்னா பொடி பத்தல, மேல் மணல எடுத்துட்டு குறைச்சு அலசுன மணல் போடணும். அஞ்சு நிமிசம் ஆகுதுன்னா இன்னும் ரெண்டு தடவை அலசணும்.

7. முப்பது நாளு காத்திருக்கது

ஆடை முழுசா முத்த 30 நாளு வரைக்கும் ஆகும். தினமும் காலையில மூணு குடம், சாயங்காலம் மூணு குடம், ஒரே கிணத்துத் தண்ணி. ஒரு தடவை ஊத்தி ஓடி முடிஞ்சா குறைஞ்சது ஒரு மணி நேரம் சும்மா விடணும், மணலுக்குள்ள நிக்குத தண்ணிய அதுங்க சுத்தம் பண்ண அந்த நேரம் வேணும். 48 மணி நேரத்துக்கு மேல ஊத்தாம விடவும் கூடாது, பட்டினி கெடந்து செத்துரும். நாங்க ஒரு கல்யாணத்துக்கு சென்னை போயி அஞ்சு நாளு கழிச்சு வந்தோம், திரும்ப மொதல்ல இருந்து எண்ண வேண்டியதாச்சு. இப்ப ஊருக்குப் போனா சித்திதான் ஊத்துவா.

இந்த 30 நாளும் வாற தண்ணிய கொதிக்க வைக்காம குடிக்காதீங்க, தெளிவாத்தான் இருக்கும், நம்பாதீங்க.

இனி என்னோட மொத ஃபில்டர் செத்த கதை. பத்து நாளாச்சு, ஆடை ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல, பொறுமை இல்லாம ஒரு கடையில கேட்டேன், "பாக்டீரியா பவுடர் போடுங்க, ரெண்டே நாள்ல வேலை செய்யும்"னு செப்டிக் டேங்க்குக்குப் போடுத பாக்கெட்ட கொடுத்துட்டாங்க. போட்ட மறுநாள் தண்ணியில வாடை, நாலு நாள்ல மணல் கறுத்துப் போச்சு, எல்லாத்தையும் அள்ளி வெளிய கொட்டுனேன். எங்க பெரியப்பா பஞ்சகவ்யம் ஊத்தச் சொன்னாரு, இன்னொருத்தர் மோரு ஊத்தச் சொன்னாரு. எதுவும் வேண்டாம். உங்க கிணத்துத் தண்ணியிலயே வேண்டிய பாக்டீரியா இருக்கு, அதுவா வந்து குடியேறும். சாணி கலந்த எதையும் குடிதண்ணி மணல்ல ஊத்துனா அந்தக் கிருமியத்தான் குடிக்கப் போறீங்க.

இன்னொரு பொறி குளோரின். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணியில பிளீச்சிங் போட்டிருப்பாங்க, அத இதுல ஊத்துனா ஆடை செத்துரும். எங்க மைனி, கிணத்துல மோட்டார் ஓடலன்னு நல்ல எண்ணத்துலதான் குழாய்த் தண்ணி ரெண்டு குடம் ஊத்திட்டா, பாவம் அவளுக்குத் தெரியாது. மூடி மேலயே "கிணத்துத் தண்ணி மட்டும்"னு பெயிண்டால எழுதிப் போட்டுட்டேன். கிணத்துக்கே பிளீச்சிங் போட்டாலும் வாடை முழுசா போற வரைக்கும் ஃபில்டர்ல ஊத்தாதீங்க.

தை மாசம் தொடங்குனா நல்லது, கிணறு தெளிஞ்சிருக்கும், கோடைக்குள்ள ஆடை முத்திரும். ஐப்பசி கார்த்திகையில தொடங்கிராதீங்க.

8. இரும்பும் கலங்கலும்

தண்ணி கோருன கொஞ்ச நேரத்துல மஞ்சளாகி குடத்துல செவப்புக் கறை படிஞ்சா இரும்பு. ஒரு வாளியில இருந்து இன்னொரு வாளிக்கு உசரத் தூக்கி நாலஞ்சு தடவை ஆத்துங்க, டீ ஆத்துத மாதிரிதான், காத்து கலந்து இரும்பு துகளாகும், ஒரு மணி நேரம் வச்சிட்டு தெளிஞ்சத ஊத்துங்க. மிச்சத்த மணல்ல உள்ள இரும்பு பாக்டீரியாவும் சேந்து பிடிச்சிரும், ஆனா அடிக்கடி அடைக்கும்.

மழைக்காலத்துல ஒரு சோதனை: 2 லிட்டர் பாட்டில்ல தண்ணி பிடிச்சு பேப்பர்ல உள்ள தலைப்பு மேல நிறுத்தி மேல இருந்து பாருங்க, எழுத்து தெரியலன்னா அப்படியே ஊத்தக் கூடாது. அண்டாவுல ராத்திரி முழுக்க தெளிய வச்சு, ரெண்டா மடிச்ச வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துங்க. எங்க ஆச்சி தேத்தாங்கொட்டைய கல்லுல உரசிப் போடுவா, கலங்கல் அடியில படிஞ்சிரும், அதுவும் நல்லாவே வேலை செய்யுது.

9. திரும்ப டெஸ்ட், அதுக்கு அப்புறமும் குளோரின்

30 நாளு கழிச்சு கிணத்துல ஒண்ணு, ஃபில்டர்ல ஒண்ணு, ரெண்டு பாட்டில் ஒரே நாள்ல கொடுங்க. ஃபில்டர் தண்ணிய மட்டும் கொடுத்தா எவ்வளவு குறைஞ்சுதுன்னே தெரியாது.

முத்துன ஆடை பாக்டீரியாவுல 98 சதவீதம் வரைக்கும் பிடிக்கும், வைரஸ்ல அந்த அளவுக்கு உறுதி கிடையாது. அந்த மிச்சத்துக்காக வடிஞ்ச தண்ணிக்கு குளோரின் போடணும். நான் செய்யுதது: புது பிளீச்சிங் பவுடர் 30 கிராம ஒரு லிட்டர் தண்ணியில கலந்து தெளிய வச்சு, மேல் தண்ணிய கறுப்புக் குப்பியில எடுத்து வச்சிக்கிடுவேன். 15 லிட்டர் குடத்துக்கு அதுல 3 மில்லி, ஊசி போடாத சிரிஞ்சால அளந்து ஊத்தி அரை மணி நேரம் விட்டுட்டுக் குடிப்போம். வாரத்துக்கு ஒரு தடவை புதுசா கலக்கணும், பழைய பவுடர்ல வீரியம் இருக்காது. ஊர்ல டெஸ்ட் கிட் இருந்தா அரை மணி நேரம் கழிச்சு குளோரின் 0.2 மில்லிகிராமாவது நிக்குதான்னு பாருங்க. வாடை பிடிக்காதவங்க கொதிக்க வச்சுக் குடிக்கலாம், தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிசம் போதும்.

பிடிக்குத பாத்திரம் வாய் குறுகலா, மூடியோட, அடியில குழாயோட இருக்கட்டும். ஃபில்டர்ல அவ்வளவு பாடுபட்டுட்டு கடைசியில செம்ப முக்கி கைய விட்டுக் கோருனா எல்லாம் போச்சு. எங்க வீட்டுல மொத ரிப்போர்ட்டுல ஃபில்டர் பைப்புல பிடிச்சது நல்லா வந்துச்சு, குடத்துல எடுத்ததுல மட்டும் கிருமி இருந்துச்சு, காரணம் அந்தச் செம்புதான்.

10. ஓட்டம் குறைஞ்சா

ரெண்டு மூணு மாசத்துல தண்ணி சொட்டுச் சொட்டா வர ஆரம்பிக்கும். பயந்துக்கிட்டு மணல அள்ளி வெளிய போடாதீங்க, ஆடை வளந்து அழுக்கு சேந்துட்டுன்னு அர்த்தம். தாம்பாளத்த எடுத்துட்டு ஒரு வாளித் தண்ணி ஊத்தி, சோப்பு போட்டுக் கழுவுன உள்ளங்கைய மணல் மேல லேசா படுக்க வச்சு அஞ்சாறு சுத்து சுத்துங்க, விரல் மணலுக்குள்ள எறங்கக் கூடாது. கலங்குன தண்ணிய செம்பால மொண்டு செடிக்கு ஊத்துங்க. ஓட்டம் திரும்புத வரைக்கும் மறுபடி செஞ்சு, மணல மட்டமாக்கி மூடிருங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் பத்து நாளு குளோரினோ கொதியோ விட்டுராதீங்க, ஆடை திரும்ப வளரணும்.

தெருவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பெருசா கட்டணும்னா தனியாளா புறம்போக்குல எறங்கிராதீங்க. ரெண்டு ரிப்போர்ட் நகல், கிணத்தோட போட்டோ, தெருக்காரங்க கையெழுத்து வச்ச மனு, செலவுக் கணக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு கிராம சபையில தீர்மானம் போடச் சொல்லுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு கூட்டம் நடக்கும், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்னைக்கு தண்ணி விஷயத்துக்கு காது கொடுப்பாங்க. தீர்மான எண்ணக் கேட்டு எழுதி வாங்கிக்கிடுங்க. எங்க தெருவுல மார்ச்சுல கொடுத்த மனு ஆகஸ்ட் கூட்டத்துலதான் தீர்மானமாச்சு, கையில நகல் இருந்ததால நடுவுல யாரும் "அப்படி ஒரு மனுவே வரல"ன்னு சொல்ல முடியல.